மூணாறு குளிரில் ஹீட்டரும் கரிச்சட்டியும்

மூணாறு, தேவிகுளம் வட்டாரத்தில் 22 ஆண்டுகளாக வயரிங் வேலை செய்து வருகிறேன். டிசம்பர் பிறந்துவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஹீட்டரைப் பற்றித்தான் இருக்கும். “அண்ணாச்சி, ரெண்டு மணி நேரம் ஓடியும் அறை சூடாகலை” என்பார் ஒருவர். பில் இரண்டு மடங்கு வந்துவிட்டது என்பார் இன்னொருவர். பிளக் கருகிவிட்டது என்று மூன்றாமவர் அழைப்பார். நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் ஹீட்டரில் பழுது எதுவும் இருக்காது. அது தரும் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் மலையின் குளிர் எப்படி இறங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும். மேகமும் காற்றும் இல்லாத ஜனவரி இரவில் தரையும் கூரையும் தம் சூட்டை வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருக்கின்றன. குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. செண்டுவரை, லட்சுமி போன்ற எஸ்டேட்டுகளில் பள்ளத்துத் தேயிலை உறைபனியில் கருகி நிற்க, மேட்டுத் தேயிலை பச்சையாக இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். வீடுகளுக்கும் அதே கதைதான். எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளின் தகரக் கூரை இரவில் வெளிக்காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிடும். விடிகாலையில் தகரத்தின் உட்புறத்திலிருந்து படுக்கையில் சொட்டும் நீரை ஒழுகல் என்று நினைத்துக் கூரைத் தகரத்தை மாற்றியவர்கள் உண்டு. அது மழைநீர் அன்று. வீட்டுக்குள் இருப்பவர்களின் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராக மாறியவை.

ஆகவே ஹீட்டர் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கதவின் அடிப்பக்கம், ஜன்னல் சட்டம் சுவரோடு சேரும் இடம், கூரை சுவரில் உட்காரும் விளிம்பு ஆகிய இடங்களில் பத்தியைப் பிடித்தால், புகை நேராக ஏறாமல் ஒரு பக்கமாகச் சாயும் இடம்தான் உங்கள் சூடு வெளியேறும் வழி. கதவுக்கு அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால், இரவு முழுவதும் ஒரு சிறு ஜன்னலைத் திறந்து வைத்ததற்குச் சமம். ரப்பர் பட்டை அடிக்கலாம். அதற்கு வசதியில்லை என்றால் பழைய சேலையை உருட்டி வைத்தாலும் போதும். தகரக் கூரைக்கு அடியில் சீலிங் போடுவதுதான் செலவான வேலை. ஆனாலும் சூடான காற்று மேலே ஏறும் என்பதால், செய்யும் செலவுக்கு அதிகப் பலன் அங்கேதான் கிடைக்கும். தெர்மோகோல் மட்டும் வேண்டாம். அது எளிதில் பற்றிக்கொள்ளும், பற்றினால் நச்சுப்புகை கிளம்பும்.

டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. எனவே தெற்கு ஜன்னலின் திரையைக் காலை பத்து மணிக்கு விலக்கிவிட்டு, மாலை வெயில் மறைவதற்குள் இழுத்து மூடினால் காசில்லாத சூடு சுவரிலும் தரையிலும் தங்கும்.

இனி ஹீட்டருக்கு வருவோம். கம்பி சிவக்கும் ஹீட்டர், விசிறி ஹீட்டர், எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் ஆகிய மூன்றும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரே அளவு சூட்டைத்தான் தரும். “மின்சாரம் மிச்சமாகும் ஹீட்டர்” என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பி இரட்டை விலை கொடுக்காதீர்கள். வேறுபாடு சூடு வந்து சேரும் விதத்தில்தான் இருக்கிறது. கம்பி ஹீட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவரை உடனே சுடவைக்கும். விசிறி ஹீட்டர் காற்றைச் சுடவைக்கும் என்பதால் இடைவெளி உள்ள அறையில் வீண். எண்ணெய் ஹீட்டர் மெதுவாகச் சூடாகி, நிறுத்திய பிறகும் நெடுநேரம் சூட்டை வைத்திருக்கும் என்பதால் படுக்கையறைக்கு ஏற்றது. கொடுத்த மின்சாரத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு சூட்டைத் தருவது, குளிரும் சூடும் இரண்டும் தரும் இன்வெர்ட்டர் ஏ.சி. ஒன்றுதான், ஏனெனில் அது சூட்டை உண்டாக்காமல் வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே இழுத்துத் தருகிறது. ஹோம் ஸ்டே நடத்துபவர்களுக்கு அதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

ஹீட்டர் போட்டும் சூடாகவில்லை என்பதற்கு மின்னழுத்தக் குறைவும் ஒரு காரணம். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஹீட்டர், 200 வோல்ட்டில் சுமார் 1500 வாட் மட்டுமே தரும். பில்லைப் பொறுத்தவரை ஒரு கணக்கை அனைவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2000 வாட் ஹீட்டர் இடைவிடாமல் இயங்கினால் மணிக்கு 2 யூனிட். தினம் நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். கேரளத்தில் வீட்டு உபயோகம் மாதம் 250 யூனிட்டுக்கு உள்ளே இருக்கும்வரை கட்டணம் படிப்படியாக ஏறும். அதைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமன்றி, முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விகிதம் வந்துவிடும். இரண்டு மாத பில்லில் அந்த எல்லை 500 யூனிட். ஹீட்டர் ஒன்றே 480 என்றால், விளக்கும் கீசரும் சேரும்போது என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அறையைச் சுடவைப்பதைவிட ஆளைச் சுடவைப்பது மேல் என்கிறேன். மின்கம்பளத்துக்குப் பொதுவாக 100 வாட்டே போதும். மடிக்காமல் விரித்துத்தான் போட வேண்டும். வெந்நீர்ப் பைக்கு அதுவும் வேண்டாம். ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன பெரியவர்களுக்கு எதையும் நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள். வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

கீசரைப் பற்றிச் சுருக்கமாக: 25 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 1.3 யூனிட் ஆகும். 45 டிகிரிக்கு 0.9 யூனிட்கூட ஆகாது. குளிக்க 45 டிகிரி தாராளம்.

பிளக் கருகும் விஷயம் இதைவிட முக்கியமானது. 1940இல் பள்ளிவாசலில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது முதல் மின்சாரத்தோடு பழகிய மலை இது. ஆனாலும் பழைய வீடுகளின் வயரிங், விளக்குக்கும் ரேடியோவுக்கும் போட்டதாகத்தான் இருக்கிறது. 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பாயிண்டில், பெரிய பிளக்கைச் சிறிய பாயிண்டில் பொருத்தும் கன்வெர்ட்டர் வைத்துச் செருகுகிறார்கள். பழைய மூணாறில் ஒரு பாட்டி வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் பழுப்பேறி இளகியிருந்தது. திறந்தபோது ஒரு திருகு தளர்ந்து கிடக்க, வயரின் மேலுறை ஒரு விரல் நீளத்துக்குக் கரியாகிப் பொடிந்தது. அதன்மேல் தொங்கிக்கொண்டிருந்தது கம்பளியின் ஓரம். “ரெண்டு நாளா மீன் கருகுற வாசம் வந்துச்சு தம்பி, பக்கத்து வீட்டுலன்னு நினைச்சேன்” என்றார் பாட்டி. அந்த வாசம் வந்தால் உடனே மெயினை நிறுத்துங்கள். ஹீட்டருக்கென்று தனி 16 ஆம்பியர் பாயிண்ட், தனி எம்.சி.பி. (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானாக விழும் சுவிட்ச்), நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) ஆகிய நான்கும் இல்லாமல் ஹீட்டரை ஓட்டக் கூடாது.

இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்தை இப்போது சொல்கிறேன். டிசம்பரில் ஒரு வீட்டில் நானே கதவுக்கும் ஜன்னலுக்கும் ரப்பர் பட்டை அடித்துக் கொடுத்தேன். ஜனவரியில் ஒரு காலை, கரண்ட் இல்லை என்று அழைத்தார்கள். ஹீட்டரையும் கீசரையும் ஒரே லைனில் ஓட்டியதால் இரவே எம்.சி.பி. விழுந்திருந்தது. நான் போனபோது அந்த அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்திருந்தார். மகள் துவைகல் பக்கம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இரவு சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தார்கள். படுக்கையறைக்குள் நுழைந்து பார்த்தேன். மூலையில் நீறு பூத்த கங்கோடு ஓர் இரும்புச் சட்டி. கதவின் கீழே, நான் அடித்த பட்டை துளி வெளிச்சம்கூட நுழையாமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மகளுக்குக் குமட்டி நடுவில் எழுந்து கதவைத் திறந்ததால் இருவரும் பிழைத்தார்கள். பட்டை அடித்த அன்று, “இனி இந்த அறையில் நெருப்பு வைக்கக் கூடாது” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கரிக்கங்கில் புகை தெரியாததால் அதை விறகைவிட நல்லது என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு இது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாமல் மயக்கமாக முடியும். ஜன்னலை நான்கு விரல் திறந்து வைத்தால் போதும் என்பதும் நம்பத் தகுந்த கணக்கு அன்று. கரிச்சட்டி வாசலோடு நிற்கட்டும். புகைபோக்கி வைத்த விறகடுப்பானாலும் நெருப்பு முழுவதும் அணையும்வரை அந்த அறையில் உறங்க வேண்டாம். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே வேண்டாம். ஒரே அறையில் படுத்த இருவருக்கு ஒன்றாகத் தலைவலி வந்தால் முதலில் வெளியே வாருங்கள், பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். அந்தக் கருவியால் இந்த வாயுவைப் பிரித்தறிய முடியாது. “அறையில் கரி இருந்தது” என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கரண்ட் போகும் இரவுக்கென்று மாலையிலேயே இரண்டு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பி வைத்துவிடலாம். போன பின் அதைப் பையில் ஊற்றித் துணியில் சுற்றிக் கம்பளிக்குள் வைத்து, குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒரே அறையில் படுக்க வைத்தால், விடியும்வரை தாங்கும்.