சிறுநீரகத்தின் தண்ணீர்க் கதவுகள்

‘ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணீர் கட்டாயமா?’ வெயில் ஏறியதும் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சித்திரை வெயிலில் கான்கிரீட் போடுபவருக்கும் தேவை வேறு. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவது சிறுநீரகம்.

இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது. மீதி திரும்ப உறிஞ்சப்படுவது பள்ளியில் படித்ததுதான். அழகெல்லாம் கடைசிக் கட்டமான சேகரிப்பு நாளத்தில், அதாவது சிறுநீர் ஒன்றுசேரும் நுண்குழாயில் இருக்கிறது.

அந்த நாளத்தின் சுவர் தானாகத் தண்ணீரை விடாது. ரத்தத்தின் உப்புச் செறிவு ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் கூடினாலே மூளையின் ஹைப்போதலாமஸ் அதைக் கண்டுபிடித்து, பிட்யூட்டரி சுரப்பி வழியாக வாசோபிரஸ்ஸின் ஹார்மோனை அனுப்புகிறது. தாகம் எடுப்பதற்கு முன்பே இது நடந்துவிடும். ‘தாகம் எடுத்தாலே உடம்பு வறண்டுவிட்டது’ என்று பயமுறுத்துவதில் அர்த்தமில்லை. ஹார்மோன் வந்து ஒட்டியதும், நாளச் செல்லுக்குள் நுண்பைகளில் காத்திருக்கும் அக்வாபோரின்-2 என்ற புரதங்கள் செல்லின் மேல்சவ்வுக்கு நகர்ந்து அதில் பதிகின்றன. கதவு திறக்கிறது. சுற்றியுள்ள உப்புச் செறிவான திசு தண்ணீரை இழுத்துக்கொள்ள, சிறுநீர் கெட்டிப்படுகிறது.

ஒவ்வொரு கதவிலும் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக, விநாடிக்குச் சுமார் 300 கோடி என்ற வேகத்தில் பாய்கின்றன. ஆனால் புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) நுழைய முடியாது. நுழைந்தால் செல்லின் அமிலச் சமநிலை குலைந்துவிடும். ரத்தச் சிவப்பணுவில் வேறொரு புரதத்தைத் தேடிய அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் அக்ரேயின் கையில் தற்செயலாகச் சிக்கியதுதான் அக்வாபோரின் குடும்பத்தின் முதல் புரதம். அதைத் தயாரிக்கும் குறிப்பை ஏந்திய ஆர்என்ஏவைத் தவளையின் முட்டைச் செல்லுக்குள் செலுத்தி, உப்புக் குறைந்த நீரில் போட்டார்கள். சில நிமிடங்களில் செல் உப்பி வெடித்தது. வெறும் முட்டைச் செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1992இல் வெளியான இந்தச் சோதனைக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது. உடனடிப் பயன் என்ன என்று கேட்காமல் அடிப்படை ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அரை லிட்டர் தண்ணீரை ஒரேயடியாகக் குடித்தால் ஹார்மோன் குறைகிறது, புரதங்கள் உள்ளே திரும்புகின்றன, ஒரு மணி நேரத்துக்குள் தெளிந்த சிறுநீர் வருகிறது. மது அருந்தியவர் அடிக்கடி எழுந்து போவதும் இந்த ஹார்மோன் அடங்குவதால்தான்.

ஆனால் கெட்டிப்படுத்துவதற்கும் எல்லை உண்டு. அன்றாடக் கழிவை வெளியேற்ற, எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் அரை லிட்டர் சிறுநீராவது போயாக வேண்டும். நாள்கணக்கில் அந்த எல்லையை ஒட்டியே ஓட்டினால் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு படிகமாகிக் கல் கட்டக்கூடும். ஒரு முறை கல் வந்தவர்களை இத்தாலியில் ஐந்தாண்டுகள் கவனித்தார்கள். நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும், வழக்கம்போல் குடித்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் கல் திரும்பியது. கல் வந்தவர்கள் தினமும் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். டம்ளர் கணக்கு வேண்டாம். மற்றவர்களுக்குச் சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும். ‘நச்சு நீக்கும்’ என்று விற்கும் பானங்கள் காசுக்குக் கேடு.

சிறுநீர்த்தொற்று அடிக்கடி வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 1.7 முறை தொற்று வந்தது, குடிக்காதவர்களுக்கு 3.2. கழிப்பறை இல்லாத வேலையிடங்களில் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். அவர்களிடம் ‘நிறையக் குடியுங்கள்’ என்று சொல்லி என்ன பயன்? முதலாளி கழிப்பறை கட்ட வேண்டும்.

அதிகமும் ஆபத்து. சிறுநீரகம் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு மேல் வெளியேற்றாது. அதைத் தாண்டிக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் மருத்துவர் சொன்ன அளவை மீறக் கூடாது.