அலுவலகக் கணினியின் நெட்வேர்க் அமைப்பைப் பூட்ட, அட்மின் உரிமையைப் பறித்தால் மட்டும் போதாது

பிரிண்டர் திடீரென்று வேலை செய்யாவிட்டால் எல்லாரும் முதலில் ரவுட்டரைத்தான் அணைத்துப் போடுகிறார்கள். பல தடவை பிழை அங்கே இருப்பதில்லை. மூதூர்க் கிளைக்குக் கொண்டுபோன லப்டொப்பில், அங்கே இணைப்புக் கிடைக்கவில்லை என்று யாரோ கையால் 192.168.1.50 என்று ஐபி முகவரி (வலையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) கொடுத்திருப்பார். திருகோணமலை அலுவலகத்தில் அது பிரிண்டரின் முகவரி. ஒரு முகவரியை எடுக்கும்போது அது வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று விண்டோஸ் கேட்டுப் பார்க்கும். காலையில் பிரிண்டர் போடுமுன் லப்டொப் வந்துவிட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை, முகவரி கைமாறிவிடும். எந்த ஐபி எந்தக் கருவியிடம் இருக்கிறது என்று கணினி குறித்துவைக்கும் ஏஆர்பி பட்டியலில், அந்த முகவரிக்கு நேரே உள்ள மேக் எண்ணை (கருவியின் வன்பொருள் எண்) பிரிண்டரின் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டால் ஆள் அகப்படும்.

இதைத் தடுக்க முதல் வேலை, அன்றாடம் பாவிக்கும் கணக்கை அட்மின் உரிமை இல்லாத சாதாரணப் பயனர் கணக்காக மாற்றுவது. அதன்பின் ஐபி, டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) எதைத் தொட்டாலும் அட்மின் கடவுச்சொல் கேட்கும். மாற்றுமுன் தனியாக ஓர் அட்மின் கணக்கைத் திறந்து, அதற்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். இதைத் தவறவிட்டால் கணினி உங்களையும் வெளியே நிறுத்திவிடும். கிளைகளுக்குப் போய் முகவரி மாற்றியே ஆக வேண்டியவருக்கும் அட்மின் கொடுக்கத் தேவையில்லை. நெட்வேர்க் அமைப்பை மட்டும் மாற்ற விடும், விண்டோஸின் நெட்வேர்க் கொன்பிகரேஷன் ஒப்பரேற்றர்ஸ் குழுவில் சேர்த்தால் போதும். பிரிண்டரின் முகவரியை ரவுட்டரின் டிஎச்சிபியில் (தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அதன் மேக் எண்ணுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

விண்டோஸின் குரூப் பொலிசியில் (கணினிக்கான விதிகளை வைக்கும் இடம்) நெட்வேர்க் அமைப்புப் பக்கங்களை மறைக்கவும் வழி உண்டு. விண்டோஸ் ஹோம் பதிப்பில் அதன் எடிட்டர் இல்லை, புரொ வேண்டும். ஆனால் அட்மின் உரிமையை விட்டுவைத்துப் பக்கத்தை மட்டும் மறைப்பது வீண்வேலை. கட்டளைத் திரையில் ஒரே வரியில் ஐபியை மாற்றிவிடலாம்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். புரொக்சி (கணினிக்கும் இணையத்துக்கும் இடையில் நிற்கும் சர்வர்) ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி அமைப்பு. சாதாரணக் கணக்கிலும் மாற்றலாம். அதைப் பூட்டும் பொலிசி இன்னமும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்ற தலைப்பின்கீழ்தான் கிடக்கிறது. அந்தப் பிரவுசரை யாரும் பாவிக்காததால் அங்கே தேடவும் யாருக்கும் தோன்றுவதில்லை.

வைபையும் அப்படியே. எந்த ஹொட்ஸ்பொட்டிலும் இணைய அட்மின் உரிமை தேவையில்லை. விண்டோஸின் நெட்எஸ்எச் (netsh) கட்டளையால் அலுவலக வைபையின் பெயரை முதலில் அனுமதித்து, பிறகு மற்றவற்றை மறுக்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து பிசகக்கூடாது. வரிசையை மாற்றினால், தூரத்திலிருந்து வேலை செய்பவரின் இணைப்பு நடுவில் அறுந்துவிடும். தவிர, இந்த வடிகட்டி பெயரைத்தான் பார்க்கும். போன் ஹொட்ஸ்பொட்டுக்கு அலுவலகப் பெயரையே வைத்தால் விட்டுவிடும்.

மிச்சம் யுஎஸ்பி கேபிள். சார்ஜ் போடச் சொருகிய போனில் டெதரிங்கை (போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் வசதி) தட்டினால் விண்டோஸ் அதைப் புதிய நெட்வேர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் கடவுச்சொல்லும் கேட்காது. கணினி அலுவலக வலையிலும் போன் இணைப்பிலும் ஒரே நேரத்தில் நிற்கும். சாதனம் நிறுவுவதைக் கட்டுப்படுத்தும் பொலிசியில் நெட்வேர்க் கார்டு வகையைத் தடுக்கலாம். ஆனால் ‘ஏற்கெனவே நிறுவியவற்றுக்கும்’ என்ற பெட்டியில் டிக் போடாதீர்கள். கணினியின் சொந்த லேன் கார்டும் சேர்ந்து படுத்துவிடும். பிறகு அதைச் சரிசெய்ய மூதூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.