ஏழு பெரிதா, மூன்று பெரிதா?

வெள்ளவத்தையில் சித்தி வீட்டு மேசையில், கேம் விளையாடும் கொம்பியூட்டர் ஒன்றுக்கான இரண்டு கொட்டேஷன் தாள்கள் கிடந்தன. ஏ/எல் எழுதி முடித்த தம்பி, சனிக்கிழமை முழுக்க யூனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கி வாங்கி வந்தவை. ஒன்றில் பாவித்த இன்டெல் புரொசசர், கோர் ஐ7-4770. மற்றதில் புதிய கோர் ஐ3-12100எஃப். மொத்தத் தொகை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"அக்கா, ஏழு பெரிசுதானே? பிறகேன் யோசிப்பான்?"

கேம் விளையாட ஒரு கொம்பியூட்டர் கட்ட நினைக்கும் அநேகம் பேர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் உள்ள படிகள். எந்தத் தலைமுறை என்பது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. 4770 நான்காம் தலைமுறை, 2013இல் வந்தது. 12100 பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது. இரண்டுக்கும் 4 கோர்கள் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), 8 திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்). உச்ச வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸ், 4.3 கிகாஹெர்ட்ஸ். தாளில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒரு கோரை மட்டும் வேலை வாங்கிப் பார்க்கும் சோதனைகளில் அந்த ஐ3, ஐ7ஐ விட ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகமாக ஓடுகிறது. கிகாஹெர்ட்ஸ் கூடியிருப்பதோ பத்து சதவீதம்தான். மிச்ச வேகம் எங்கிருந்து வந்தது?

அதற்கு ஒரு பிரேமுக்குள், அதாவது கேம் திரையில் காட்டும் ஒரு படத்துக்குள், எட்டிப் பார்க்க வேண்டும்.

திரையில் ஓடும் கேம் என்பது அடுத்தடுத்து வரும் படங்கள். செக்கனுக்கு 60 படம் என்றால், ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி செக்கன். அதற்குள் புரொசசர் நீங்கள் அழுத்திய விசையைப் பார்க்க வேண்டும், எதிரி எங்கே நகர்ந்தான், சுட்டது பட்டதா என்று கணக்குப் போட வேண்டும், சத்தம், நெட்வேர்க் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். கடைசியில் "இன்னின்னதை இந்த இடத்தில் வரை" என்று ஒரு பட்டியல் எழுதி கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்க வேண்டும். கார்ட் அதை வரைந்துகொண்டிருக்கும்போதே புரொசசர் அடுத்த படத்துக்கான பட்டியலைத் தொடங்கிவிடும். இருவரில் யார் மெதுவோ, அவருடைய வேகம்தான் கேமின் வேகம்.

கிகாஹெர்ட்ஸ் என்பது செக்கனுக்கு எத்தனை நூறு கோடி துடிப்பு என்ற கணக்கு. 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் புரொசசருக்கு அந்த 16.7 மில்லி செக்கனுக்குள் 7 கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகள் கிடைக்கின்றன. தாராளம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு காத்திருப்பதிலேயே கரைந்து போகிறது.

வெள்ளவத்தையில் இரவு கொத்து போடும் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டுக்காரரின் கைக்கெட்டிய தூரத்தில் வெங்காயமும் முட்டையும் ரொட்டியும் இருக்கும்வரை இரும்புத் தகட்டின் சத்தம் நிற்பதேயில்லை. பின்னால் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கப் போனால் கொஞ்ச நேரம் ஓயும். ரொட்டி முடிந்து பையனை வேறு கடைக்கு அனுப்பினால், தட்டுக்காரர் எவ்வளவு வேகமானவராக இருந்தும் பயனில்லை, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். புரொசசருக்குள்ளும் இதே கதை. சில்லுக்குள்ளேயே (சிப்) கேஷ் என்ற சின்ன நினைவகம் படிபடியாக இருக்கிறது. கைக்குப் பக்கத்தில் உள்ள எல்1 கேஷிலிருந்து ஒரு தகவலை எடுக்க நாலைந்து துடிப்பு. எல்2 என்றால் பன்னிரண்டு, பதினைந்து. எல்3 என்றால் நாற்பது, ஐம்பது. அங்கேயும் இல்லாமல் ரேமுக்குப் போக நேர்ந்தால் 300 துடிப்புவரை போய்விடும். ஒரே துடிப்புக்குள் ஒளிகூட 7 சென்ரிமீற்றர் தூரம்தான் போக முடியும் என்பதை எண்ணிப் பாருங்கள். ரேமோ மதர்போட்டில் அதைவிடத் தள்ளி இருக்கிறது. தூரம் போதாதென்று, தன் வரிசையைத் திறந்து படித்துத் தரவும் அதற்கு நேரம் வேண்டும்.

புதிய ஐ3 ஜெயிப்பது இங்கேதான். ஒரு கட்டளைக்கான தகவல் வரும்வரை அது சும்மா நிற்பதில்லை. பின்னால் வரிசையில் நிற்கும் கட்டளைகளில் எவற்றை இப்போதே முடிக்கலாம் என்று பார்த்து முடித்துவிடுகிறது. பழைய ஐ7 ஒரே நேரத்தில் 192 சிறு கட்டளைகளைக் கையில் வைத்திருக்கும். பன்னிரண்டாம் தலைமுறையின் பெரிய கோர் 512ஐ வைத்திருக்கும். ஒரு துடிப்பில் பழையது 4 கட்டளைகளைப் பிரித்துப் படிக்கும், புதியது 6. கிகாஹெர்ட்ஸ் என்பது எத்தனை முறை கை ஓங்குகிறோம் என்ற கணக்கு மட்டும்தான். ஒவ்வொரு ஓங்கலிலும் எவ்வளவு வெட்டுப்படுகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

கேம்களுக்குக் கேஷ் எவ்வளவு முக்கியம் என்பதற்கு என் மனதை விட்டுப் போகாத சாட்சி ஒன்று உண்டு. 2022இல் இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி, அதற்கு முந்தைய 5800எக்ஸ் போலவே 8 கோர் சில்லு. உச்ச வேகம் 4.7இலிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கியிருந்தது. எல்3 கேஷ் மட்டும் 32 மெகாபைட்டிலிருந்து 96ஆக ஏறியிருந்தது. வேகம் குறைந்த அந்தச் சில்லுதான் பல கேம்களில் முந்தியது. அது நம் பட்ஜெட்டுக்குள் வராது, சரி. ஆனால் பாடம் நமக்கும் உதவும். ரைசன் 5 5600, 5500, 5600ஜி மூன்றும் 6 கோர், 12 திரெட். பெயரும் பக்கத்துப் பக்கத்துப் பெயர்தான். 5600இல் 32 மெகாபைட் எல்3, மற்ற இரண்டிலும் 16. தனி கிராபிக்ஸ் கார்ட் போடுவதென்றால் 5600தான் சரி. கார்ட் வாங்க இப்போது காசு இல்லை, ஆறு மாதம் கழித்துத்தான் என்றால் 5600ஜி. அதற்குள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது. அந்தச் சின்ன கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் 16 ஜிபி ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். தகவல் போகும் பாதை இரட்டிப்பாகும்.

இன்டெலில் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். கொட்டாஞ்சேனையில் என் சிநேகிதி ஒருத்தி, கார்டை அடுத்த மாதம் வாங்கலாம் என்று எஃப் சில்லு மட்டும் போட்டுக் கட்டினாள். மின்விசிறி சுற்றியது, விளக்கெல்லாம் எரிந்தது, திரையில் ஒன்றுமே வரவில்லை. இரண்டு நாள் மதர்போட்டைச் சந்தேகித்து அலைந்தாள். விற்ற கடையில் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அப்புறம் கோர்களின் எண்ணிக்கை. தட்டு ஒன்று என்றால் சுற்றி எத்தனை பேர் நின்றாலும் கொத்துவது ஒருவர்தான். மற்றவர்கள் வெங்காயம் அரியலாம், முட்டை உடைக்கலாம். பங்கு போட முடியாத வேலை எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அதுதான் மொத்த வேகத்துக்கும் எல்லை என்ற கருத்தை கொம்பியூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இலேயே முன்வைத்தார். கேமிலும் பெரும்பாலும் ஒரு முதன்மைத் திரெட்தான் மற்றவற்றை இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே 16 கோர் தேவையில்லை. ஆனால் 4 போதுமா? 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 கேம் கருவியில் 8 கோர்கள். இன்றைய பெரிய கேம்கள் அந்த அளவை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. 4 கோரில் செக்கனுக்கு வரும் படங்களின் சராசரி நன்றாகவே இருக்கும். ஆனால் புதிய தெருவுக்குள் நுழையும்போது, பின்னணியில் டிஸ்கோர்டும் பிரவுசரும் திறந்திருக்கும்போது, திடீரென்று ஒரு படம் 50 மில்லி செக்கன் எடுத்துவிடும். கண்ணுக்கு அது இடறலாகத் தெரியும். சராசரி எண்ணில் அந்த இடறல் தெரியவே தெரியாது. அதனால் தம்பியிடம் இரண்டு தாளும் வேண்டாம் என்றேன். 6 கோருக்குப் போ, ரைசன் 5 5600 அல்லது கோர் ஐ5-12400எஃப். இரண்டில் மதர்போட்டோடு சேர்த்து எது மலிவோ அது. பழைய ஐ7க்கு விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வ ஆதரவும் கிடையாது, விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது.

"எங்கட பழைய மெஷினில புரொசசர் 30 சதவீதம்தானே காட்டுது அக்கா, அப்ப அது பிரச்சினை இல்லையே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் காட்டுவது எல்லாத் திரெட்களின் சராசரி. 12 திரெட் உள்ள சில்லில் ஒன்று மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தத்தில் அது 8 சதவீதமாகத்தான் தெரியும். யார் தாமதம் என்று கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது. கேமின் ரிசொலூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் 20 இலட்சத்திலிருந்து 9 இலட்சமாகக் குறையும், கார்டின் சுமை இறங்கும். புரொசசரின் வேலையோ அப்படியே இருக்கும். எதிரி எத்தனை பேர் என்பது திரையின் அளவால் மாறாதே. பிரேம் எண் (செக்கனுக்கு எத்தனை படம்) ஏறினால் தாமதம் கார்டில். அசையாமல் நின்றால் புரொசசரில்.

பட்ஜெட்டைப் பிரிப்பதற்கும் இதுவே வழி. கேமின் வேகத்துக்குப் புரொசசர் போடுவது கூரை. உங்கள் மொனிட்டர் 75 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 75 படம் காட்டுவது என்றால் கூரை அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும், மிச்சக் காசு முழுக்க கார்டுக்குப் போகட்டும். வாலரண்ட் மாதிரி கேமை 144 ஹெர்ட்ஸ் மொனிட்டரில் ஆடுபவருக்கு ஒரு படத்துக்கு 7 மில்லி செக்கன்தான், அவர் புரொசசரில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

தம்பி கடைசியில் பாவித்த 5600 ஒன்று எடுத்தான். கடையிலேயே அதை வெளிச்சத்துக்கு நேரே சரித்துப் பிடித்து, ஊசிகளின் வரிசைகளை நான்கு பக்கமிருந்தும் பார்க்கச் சொன்னேன். 5600 போன்ற ஏஎம்4 வகைச் சில்லுகளில் ஊசிகள் சில்லின் அடியில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்திருந்தாலும் வரிசை கோணலாகத் தெரிந்துவிடும். பன்னிரண்டாம் தலைமுறை இன்டெலில் அவை மதர்போட்டின் சொக்கெட்டில் இருப்பதால், அங்கே பார்க்க வேண்டும். 65 வொட் சில்லு என்பதால், ஏசி இல்லாத 32 பாகை அறையிலும் அதனுடன் வரும் சின்னக் கூலரே தாங்குகிறது. மரைன் டிரைவுக்கு அடுத்த தெரு வீடு, உப்புக்காற்று வரும் என்று கேசிங்கை மட்டும் ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்தோம்.

மிச்சம் பிடித்த காசில் ஆர்எக்ஸ் 6600 கார்ட். முதல் நாள் இரவு, கேமைத் திறந்ததும் அவன் ஆடவில்லை. நேரே செட்டிங்ஸுக்குப் போய் ரிசொலூஷனை 720பிக்கு இறக்கினான். மூலையில் ஓடிய எண்ணை இருவரும் குனிந்து பார்த்தோம்.

"ஏறுது அக்கா!"