கீமோவுக்கு முன்னால் இதயத்தையும் அளந்துவிடுங்கள்

ரிப்போர்ட்டில் "இ.எஃப். 58%" என்று பார்த்ததுமே பலருக்கு முகம் வாடிவிடுகிறது. "அப்போ பாதி இதயம்தான் வேலை செய்யுதா டாக்டர்?" என்று கேட்பார்கள். அப்படி இல்லை. இதயத்தின் இடது கீழறை நிரம்பி நிற்கும்போது அதிலுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரே துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயமும் முழுவதையும் தள்ளாது, 50 முதல் 70 வரை இருந்தால் போதும்.

இதை எக்கோவிலேயே, அதாவது இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே பார்க்கலாம், கதிர்வீச்சும் கிடையாது, பெரும்பாலானோருக்கு அதுவே போதும். எக்கோவில் படம் தெளிவாக விழாதவர்களையும், கீமோவால் இதயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியவர்களையும் அணு மருத்துவப் பிரிவில் இருக்கும் எங்களிடம் மூகா ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். கையில் முதலில் ஓர் ஊசி, சுமார் 20 நிமிடம் கழித்து டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள். அது சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தோடு சுற்றும். நீங்கள் அசையாமல் படுத்திருக்க, நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி ஒயர்கள் ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்தையும் காமா கேமராவுக்குச் சொல்ல, அது ஒரு துடிப்பை 16 அல்லது 24 துண்டுகளாகப் பிரித்து, நூற்றுக்கணக்கான துடிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கும். அறை விரிந்தபோது எவ்வளவு கதிர், சுருங்கியபோது எவ்வளவு என்று எண்ணித்தான் கணக்கு, அறையின் வடிவத்தை ஊகிக்க வேண்டியதில்லை. அதனால் மறுமுறை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு மட்டும் சிக்கல், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டாக்சோரூபிசின், அதாவது கீமோவில் ஏற்றும் அந்தச் சிவப்பு மருந்து, உடலில் ஏறிய மொத்த அளவு கூடக்கூட இதயத் தசையைப் பாதிக்கும் ஆபத்தும் கூடும். ஆரம்பத்தில் எதுவுமே தெரியாது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினாலும் கீமோ அசதி என்றே வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். சில வகை மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தும் இதயம் பம்ப் செய்யும் திறனைக் குறைக்கலாம், ஆனால் பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் மீண்டுவிடும்.

அதனால்தான் முதல் கீமோவுக்கு முன்பே ஓர் அளவு வேண்டும் என்று நச்சரிக்கிறேன். பிறகு எடுப்பதும் அதே முறையில், முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள். எக்கோவில் 62, மூகாவில் 55 என்றால் 7 குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அவை வேறு வேறு அளவுகோல்கள். ஆனால் ஒரே முறையில் 64 இருந்தது 48 ஆனால் அது நிஜமான இறக்கம், உடனே பேச வேண்டிய விஷயம்.

கதிர்வீச்சைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: டெக்னீஷியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும், கொஞ்சம் சிறுநீரிலும் போய்விடும், தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ தாய்ப்பால் கொடுப்பவராக இருந்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லுங்கள்.

எண் இறங்கிவிட்டது என்று பயந்து நீங்களாகவே கீமோவை நிறுத்திவிடாதீர்கள். இதய மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் பேசி, இதயத்துக்கு மாத்திரை தொடங்கலாம், கீமோவைச் சில வாரம் தள்ளலாம், மருந்தையே மாற்றலாம். பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், அது இல்லாமல் அவர்களாலும் ஒப்பிட முடியாது.