கண்ணாடியை வளைத்து ஒரு வில்

"கண்ணாடியை வளைத்தால் உடையும். அப்படியிருக்க, அமெரிக்காவில் வேட்டை வில் செய்கிறவர்கள் மரத்தின் இரண்டு பக்கமும் ஃபைபர் கிளாஸ் ஒட்டுகிறார்களே, அது எப்படித் தாங்குகிறது?" என்று சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். சரியான நேரத்தில் வந்த கேள்வி. நான் இருக்கும் மிச்சிகனில் அக்டோபர் 1-ம் தேதி வில்லால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கும். கோடையிலேயே சிலர் கராஜைத் திறந்து வைத்துக்கொண்டு சொந்தமாக வில் செய்ய உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், கார் தொழிற்சாலையில் டை மேக்கராக (உலோக அச்சு செய்பவராக) இருந்து ஓய்வு பெற்றவர், இந்த வருடம் தன் முதல் வில்லைச் செய்தார். கிளாம்ப் முடுக்க இன்னொரு ஜோடிக் கை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார், அதனால் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். (இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே இதே மாதிரி வில்லை இலக்குப் பலகையில் பழகலாம், அவ்வளவுதான்.)

முதலில் கண்ணாடி. அதன் பலவீனம் பொருளில் இல்லை, மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய கீறல்களில் இருக்கிறது. இழுக்கும்போது விசை முழுவதும் கீறலின் நுனியில் குவிந்து, அங்கிருந்து விரிசல் ஓடுகிறது. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் இருந்த ஏ. ஏ. கிரிஃபித் கண்ணாடியைச் சூடாக்கி மெல்லிய இழைகளாக இழுத்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய, அதே குறுக்குப் பரப்புக்கு அது தாங்கும் விசை கூடிக்கொண்டே போனது. 1921-ல் அதை வெளியிட்டார். ஃபைபர் கிளாஸ் என்பது பிசினில் பதித்த கண்ணாடி இழைகள்தான், அதில் இருக்கும் இழை நம் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. ஒன்று அறுந்தாலும் விரிசல் அந்த இழையோடு நின்றுவிடும், பக்கத்து இழைக்குத் தாவுவதற்குள் நடுவில் இருக்கும் பிசின் அதை மழுங்கடித்துவிடும். கண்ணாடிக் கம்பி இழுத்துப் பார்க்கிற ஆளுக்கு எதற்குச் சம்பளம் என்று அன்றைக்கு யாராவது கோப்பில் எழுதியிருந்தால் அந்த வேலை அதோடு முடிந்திருக்கும். இன்று விமானத்தின் பாதுகாப்பையும் பாலத்தின் ஆயுளையும் அதிலிருந்து வளர்ந்த விரிசல் கணக்கை வைத்துத்தான் பார்க்கிறார்கள். "உடனடிப் பயன் என்ன?" என்ற கட்டத்தை நிரப்பினால்தான் ஆய்வுக்குப் பணம் என்கிற வழக்கம் நம் ஊரிலும் வேரூன்றிவிட்டது. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

வில்லுக்கு வருவோம். எதை வளைத்தாலும் வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் சுருங்குகிறது, நடுவில் ஒரு கோடு நீளவும் இல்லை சுருங்கவும் இல்லை. பள்ளியில் படித்ததுதான். ஆக, உழைப்பெல்லாம் இரண்டு மேற்பரப்புகளுக்கு, நடுவில் இருப்பது கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. அதனால்தான் வலுவான பொருளை வெளியே வைத்து, லேசான மேப்பிள் மரத்தையோ மூங்கிலையோ நடுவில் வைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வில்லின் கை (கைப்பிடிக்கு இரு பக்கமும் வளைகிற பகுதி) 12 மில்லிமீட்டர் தடிமன், அதில் இரு பக்கமும் 1 மில்லிமீட்டர் ஃபைபர் கிளாஸ், நடுவில் 10 மில்லிமீட்டர் மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இழைத் தகடு மரத்தை விடச் சுமார் மூன்றரை மடங்கு விறைப்பானது. தடிமனில் ஆறில் ஒரு பங்குதான் கண்ணாடி, ஆனால் வளைவை எதிர்ப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம் அதனுடையது. பழைய இங்கிலாந்து வில்லில் இந்த ஏற்பாடு மரத்திலேயே இருந்தது. யூ மரத்தின் வெளிவெள்ளை இழுவிசையைத் தாங்கும், உள்ளே இருக்கும் வைரம் பாய்ந்த பகுதி அமுக்கத்தைத் தாங்கும். துருக்கி வில்லில் வெளியே விலங்கின் தசைநார், உள்ளே கொம்பு.

இழை என்றால் நூல்தானே, இழுத்தால் தாங்கும், அமுக்கினால் எப்படித் தாங்கும் என்று அடுத்த கேள்வி வரும். தனியாக ஒரு ஈர்க்கை நிறுத்தி மேலே அழுத்தினால் வளைந்து ஒடியும். அதையே ஈர மணலில் முழுக்கப் புதைத்து நுனியை மட்டும் அழுத்திப் பாருங்கள், பக்கவாட்டில் போக வழியில்லாமல் தாங்கும். வில்லின் உள்பக்கத்து இழைகளுக்கு அந்த மணல்தான் பிசின். அதனால்தான் வில்லுக்கென்று விற்கும் தகட்டில் எல்லா இழைகளும் நீளவாக்கில் நேராக ஓடுகின்றன. துணி மாதிரி நெய்ததில் பாதி இழை குறுக்கே கிடந்து வீணாகும், மீதிப் பாதி மேலும் கீழுமாக நெளிந்திருப்பதால் அமுக்கும்போது அந்த நெளிவிலேயே மடங்கப் பார்க்கும்.

இனி எனக்குப் பிடித்த இடம். ஒரு 100 தாள் நோட்டை எடுத்து வளையுங்கள். சுலபமாக வளையும். ஓரத்தைப் பாருங்கள், தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் படிக்கட்டு மாதிரி நிற்கும். ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனி நடுக்கோடு, ஒவ்வொன்றும் தன் அளவில் மட்டும் கொஞ்சம் நீண்டு கொஞ்சம் சுருங்குகிறது. அதே நோட்டின் எல்லாத் தாள்களையும் பசை போட்டு ஒட்டிக் காயவைத்தால் பலகை ஆகிவிடும். விறைப்பு தடிமனின் மும்மடியாகப் போவதால், 100 தாள் ஒட்டினால், ஒட்டாத அதே நோட்டை விட விறைப்பு 100 மடங்கு அல்ல, 10,000 மடங்கு கூடுகிறது. தாளும் அதே தாள், எடையும் கிட்டத்தட்ட அதே எடை. வழுக்கக் கூடாது என்று தடுத்தது ஒன்றுதான் வித்தியாசம்.

வில் செய்கிறவர் இந்த இரண்டு நிலையையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துகிறார். பெரியவர் பிளைவுட்டில் வில்லின் வளைவை வெட்டி அச்சு செய்திருந்தார். இரண்டு ஃபைபர் கிளாஸ் பட்டைகள், நடுவில் நுனி நோக்கி மெலியும் மேப்பிள் பட்டைகள், எல்லாவற்றின் முகத்திலும் எபாக்ஸி என்ற பிசின் பசை. ஈரமாக இருக்கும்போது அந்த அடுக்கு நோட்டு மாதிரி, அச்சில் வைத்து அமுக்கினால் எதிர்ப்பே இல்லாமல் வளைந்து கொடுத்தது. மேலே ரப்பர் பட்டை வைத்து நடுவிலிருந்து நுனிப் பக்கமாக ஒவ்வொரு கிளாம்பாக முடுக்கிக்கொண்டு போனோம். நுனியில் அடுக்குகள் மெதுவாக விலகிப் படிக்கட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஓரத்தில் எபாக்ஸி சிறு மணிகளாகப் பிதுங்கி வரிசையாக நின்றது. அந்த மணி வந்தால்தான் பசை எல்லா இடத்திலும் இருக்கிறது என்று அர்த்தம், அதற்கு மேல் முடுக்கினால் பசை முழுக்க வெளியே போய் ஒட்டு வறண்டுவிடும் என்று அவர் என் கையைத் தடுத்தார்.

பசை இறுகும் அந்தக் கணத்தில்தான் எல்லாம் மாறுகிறது. வழுக்கி முடித்த நிலையில் அடுக்குகள் அப்படியே பூட்டப்படுகின்றன. அச்சிலிருந்து எடுத்ததும் பழையபடி நேராகிவிடாதா என்று தோன்றும். ஒவ்வொரு மெல்லிய பட்டையும் நேராகிவிடத்தான் பார்க்கிறது, ஆனால் எதிரே இருப்பது மொத்தத் தடிமனின் விறைப்பு. சமமான நான்கு அடுக்கு என்றால் வளைவில் 16-ல் ஒரு பங்குதான் திரும்பிப் போகும், ஐந்து என்றால் 25-ல் ஒரு பங்கு. இத்தனை எளிமையாக ஒரு பொருளுக்குப் புது வடிவத்தைப் பழக்கிவிடலாம் என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியமாக இருக்கிறது.

நாணை இழுக்கும்போது அடுக்குகள் மறுபடி வழுக்கப் பார்க்கும். அதைத் தடுக்கும் வேலை முழுவதும் பசைக்கோட்டுக்கும் நடுமரத்துக்கும்தான். நடு என்பது சும்மா இருக்கும் இடம் என்று மேலே சொன்னேன், அது நீட்டலுக்கும் சுருங்கலுக்கும் மட்டும் பொருந்தும், வழுக்கு விசை நடுவில்தான் உச்சம். ஒட்டுகிற முகத்தை முரட்டு உப்புத்தாளால் தேய்ப்பதும், தேய்த்த பிறகு விரல் படாமல் பார்த்துக்கொள்வதும் இதனால்தான், கைரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு போதும் அந்த இடத்தில் ஒட்டு விட்டுப்போக. (கண்ணாடித் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், தேய்க்கும்போது நல்ல மாஸ்க் கட்டாயம்.)

அப்புறம் சூடு. குண்டு பல்புகள் மாட்டிய ஒரு பிளைவுட் பெட்டிக்குள் அச்சோடு வைத்து, சுமார் 70 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் விட்டார். எபாக்ஸி காய்வதில்லை, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலை பின்னிக்கொள்கின்றன. சூட்டில் பின்னல் நெருக்கமாகிறது, பிறகு எந்த வெப்பத்தில் இளகும் என்ற எல்லையும் உயர்கிறது. வெயிலில் மூடிய காருக்குள் விட்ட வில் அடுக்கு பிரிந்து வருவது இந்த எல்லையைத் தொட்டுவிடுவதால்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பிடிக் கட்டை, நுனியில் நாண் மாட்டும் வெட்டு, இரண்டு கைகளும் சமமாக வளையும்வரை ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பது, இதற்கே பல நாள் போகும். தடிமனைத் தொடவே கூடாது. மும்மடிக் கணக்கு இங்கே திருப்பி அடிக்கும், 12 மில்லிமீட்டரில் கால் மில்லி குறைந்தாலே முழுக்க இழுக்க 45 பவுண்டு விசை கேட்கும் வில் ஏறக்குறைய 42 ஆகிவிடும். அகலம் அப்படியில்லை, பத்து சதவீதம் குறைத்தால் பலமும் பத்து சதவீதம்தான் குறையும். தட்டையான செவ்வகக் குறுக்குவெட்டுதான் வில்லுக்குப் பொருத்தம் என்று 1930-களில் அளந்து காட்டியவர் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர். ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டோடு ஆய்வில் இருந்தவர், வில்லை ஆராய்ந்தது சொந்த ஆர்வத்தில். அம்பு இல்லாமல் நாணை விடக்கூடாது என்பதையும் சாஸ்திரம் போலச் சொல்வார்கள். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை, அம்பு கொண்டுபோக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லின் கைகளுக்கே திரும்பி, ஒட்டையும் நுனியையும் தாக்கும்.

ஒட்டும் முன்பு அடுக்குகளை உலர்ந்தபடியே அச்சில் வைத்துப் பார்த்தபோது, நுனிக்கு அருகே பக்கவாட்டில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தார். வளைத்ததும் அந்தக் கோடு துண்டு துண்டாகிப் படிக்கட்டானது. வில் முடிந்த பிறகு அதே இடத்தில் புதிதாக ஒரு கோடு போட்டார். நாண் மாட்டி, சுவரில் அடித்த கட்டையில் வில்லை வைத்து, கயிறும் கப்பியும் கொண்டு 28 அங்குலம் வரை மெதுவாக இழுத்தார். நான் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்த வில்லும் வளைந்து நின்றது. கோடு எங்கும் முறியவில்லை.