கையெழுத்துக்கு முன்னால் ஒரு முறை படித்துவிடுங்கள், அக்கா

"நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பிட்டாங்க. இனிமே சொத்துல என்னங்க பங்கு?" மகளிர் குழுக் கூட்டங்களில் சட்டம் பேசப் போனால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். கேட்பவர்களும் பெண்களே.

பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 60 ஆண்டு பிடித்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வந்த அந்த 1989 திருத்தமும், அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமான மகள்களை விட்டுவிட்டது. 2005-இல் வந்த மத்தியத் திருத்தம்தான் அவர்களையும் சேர்த்தது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினையைக் கலைக்க முடியாது. இதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் வேறு சட்டங்கள்.

சரி, சட்டம் இருக்கிறது. பிறகு பங்கு எங்கே போகிறது? நான் பார்த்தவரை, பதிவு அலுவலகத்து மேசையில்தான் போகிறது. அப்பாவின் காரியம் முடிந்த சில வாரங்களில், "வாரிசு கையெழுத்துதாம்மா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று தங்கையைக் கூட்டி வருவார்கள். நீட்டுவது, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம். பதிவாகிவிட்டால், ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிக்க நீதிமன்றம்தான் போகவேண்டும். அதற்கும் உண்மை தெரிந்ததிலிருந்து மூன்று வருடம்தான் கெடு.

மிரட்டி வாங்குவதைவிடப் பாசத்தைக் காட்டி வாங்குவதே அதிகம். "சொத்து வேணுமா, அண்ணன் வேணுமா?" என்று கேட்டால் எந்தத் தங்கை வாய் திறப்பாள்? அண்ணன்தம்பி பங்கு பிரித்தால் உறவு அறுந்துவிடும் என்று யாரும் சொல்வதில்லையே! அதனால் இப்போதெல்லாம் கூட்டத்துக்கு ஆண்களையும் வரச் சொல்கிறோம்.

போன வருடம் குழுவிலிருந்து ஓர் அக்கா கையெழுத்துக்குப் போனார். துணைக்கு இரண்டு பேர் போனார்கள். விரலில் மை தடவியாகிவிட்டது. கையை இழுத்துக்கொண்டு, "அண்ணா, இதுல எம்பங்கு எவ்வளவுன்னு எழுதியிருக்கு? படிச்சுக் காட்டு" என்றார். அண்ணன் பத்திர எழுத்தரைப் பார்த்தார், அவர் தாளைப் பார்த்தார். அன்று பதிவு நடக்கவில்லை. ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் அண்ணியே வந்து கூப்பிட, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது.

இப்போது குழுவில் யார் பதிவு அலுவலகம் போனாலும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற அந்த அக்கா மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிடுகிறார்.