முக்காலியில் நிற்கும் தலை

மைக்ரோஸ்கோப் வழியே பார்த்து மூளையில் ஆபரேஷன் செய்கிற மருத்துவருக்கு ஒரு மில்லிமீட்டரே பெரிய தூரம். தலையணையில் கிடக்கும் தலையோ மூச்சுக்கு மூச்சு அசையும். ஆகவே மண்டை ஓட்டையே ஓர் உலோகக் கவ்வியால் பிடித்து, கவ்வியை ஆபரேஷன் மேசையோடு முடுக்கிவிடுகிறார்கள். பரவலாகப் பயன்படுவது, அமெரிக்க மருத்துவர் ஃபிராங்க் மேஃபீல்டின் பெயரைத் தாங்கிய கவ்வி.

அதில் கூர்முனைகள் மூன்றே. இரண்டு மட்டும் இருந்தால் தலை அச்சில் சக்கரம்போலச் சுழலும். நான்கு வைத்தால், உருண்டு மேடுபள்ளமான மண்டையில் ஒன்று சரியாகப் பதியாமல் போகலாம். கரடுமுரடான தரையிலும் முக்காலி ஆடாமல் நிற்பது இதே கணக்கில்தான். ஒரு பக்கத்து ஒற்றை முனை முழு விசையையும் தாங்க, எதிர்ப்பக்கத்து இரண்டும் ஆடும் சட்டம் ஒன்றில் அமர்ந்து அதைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. பெரியவர்களுக்கு வழக்கமாக 60 முதல் 80 பவுண்டு, அதாவது சுமார் 27 முதல் 36 கிலோ விசை. முனை தோலைத் துளைத்து எலும்பின் வெளி அடுக்கில் பதியும், உள்ளே போகாது. காதுக்கு மேலுள்ள மெல்லிய எலும்பையும் நெற்றியின் காற்றறையையும் தவிர்ப்பார்கள். கைக்குழந்தையின் எலும்பு இதைத் தாங்காது என்பதால் லாட வடிவ மெத்தையில் தலையை வைப்பதே வழக்கம்.

நோயாளி மயக்கத்தில்தான் இருக்கிறார். ஆனாலும் முனை பதியும் கணத்தில் ரத்த அழுத்தம் எகிறும். அதற்கு முன்பே மயக்கத்தை ஆழமாக்கி, அந்த இடங்களை மரத்துப்போகச் செய்கிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது புவியீர்ப்பைக் கூலியில்லா உதவியாளாக வைத்துக்கொள்வது. மல்லாந்து படுத்தவரின் தலையைச் சற்றுத் திருப்பிப் பின்னால் சாய்த்தால், மூளையின் முன்மடல் தானாகவே விலகி வழிவிடும்; கருவியால் அழுத்தும் தேவை குறையும். அளவு மீறக் கூடாது. கழுத்தை அதிகம் முறுக்கினால் சிரைகள் நசுங்கி, ரத்தம் வடியாமல் மூளை வீங்கும். கழுத்தை முன்னால் மடக்கும்போது மோவாய்க்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுவார்கள். உட்காரவைத்துச் செய்தால் ரத்தம் நன்றாக வடிந்து சிறுமூளை தெளிவாகத் தெரியும். ஆனால் இதயத்தைவிட உயரத்தில் திறந்த சிரை, காற்றை உறிஞ்சிக்கொள்ளலாம். அதைக் கண்டுபிடிக்க, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை நெஞ்சில் வைப்பார்கள். சத்தம் மாறினால், காயத்தை உப்புநீரால் நிரப்பித் தலையைத் தாழ்த்துகிறார்கள்.

முழங்கைக்கு மெத்தை, இமைகளுக்கு டேப், கால்களில் ரத்தம் உறையாமலிருக்க அழுத்த உறை என்று மற்ற ஏற்பாடுகளும் உண்டு.

கருவி மூளையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று திரையில் காட்டி வழிகாட்டும் கணினி இருந்தால் அதன் அடையாளச் சட்டமும் பெரும்பாலும் இதே கவ்வியில்தான் பொருத்தப்படும். கணினி பார்ப்பது அந்தச் சட்டத்தையே, தலையை அல்ல. இடையில் தலை கவ்விக்குள் சற்று நழுவினால், திரை எந்தச் சந்தேகமும் காட்டாமல் பழைய இடத்தையே சுட்டிக்கொண்டிருக்கும்.